பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு

ஜனவரி 12

அன்பு அக்காவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். ஒரு வாரம் ஜலதோஷம் படுத்தி எடுத்தது. இப்போது தொண்டை மட்டும்தான் இன்னும் எனக்குச் சொந்தமாகவில்லை. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அத்தானுக்கும் குட்டி வாலுவுக்கும் என் அன்பு.

"போன்ல பேசினா மூணாவது நிமிஷம் சண்டை வருது, எழுதித் தொலை" என்று போன மாதம் நீதான் சொன்னாய். எழுதுகிறேன். இதில் நீ குறுக்கே பேச முடியாது என்பது எனக்குப் பெரிய வசதி.

கடைசி வருடப் படவேலை ஆரம்பித்துவிட்டது. பதினான்கு நிமிடப் படம். எழுதி இயக்குவது நான். விளம்பர வேலை முழுவதும் என்னோடு படிக்கும் ஒரு பெண்ணின் பொறுப்பு. கண்ணில் படுவதையெல்லாம் போஸ்டராகவே பார்க்கிறவள் என்பதால் அவள் பெயரே போஸ்டர் என்றாகிவிட்டது. படம் எடுத்தால் மட்டும் மதிப்பெண் கிடையாது. எந்த வயதினர் பார்க்கலாம் என்று நாங்களே ஒரு படிவம் நிரப்பி, மூன்று ஆசிரியர்கள் கொண்ட குழுவிடம் கொடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதன் பிறகு போஸ்டர், டீசர், ஆள் திரட்டுவது எல்லாம், வெளியே நடக்கிற மாதிரியே. படிவம் நான்கு பக்கம். 'பயமுறுத்தும் காட்சி உண்டா, எத்தனை வினாடி', 'குழந்தைகள் பார்த்துவிட்டுத் தாங்களும் செய்து பார்க்கக்கூடிய ஆபத்தான செயல் உண்டா' என்றெல்லாம் கேட்கிறது. நம் வீட்டுக்கு இப்படி ஒரு படிவம் நிரப்பினால் வாலு செய்வதை எழுதவே தனித்தாள் வேண்டும்.

கதை, ஒரு குழந்தைமேல் கொதிக்கிற தண்ணீர் கொட்டிவிடுவது பற்றி. கொஞ்சம் நம் வீட்டுக் கதை மாதிரி இருக்கும். ஆனால் நம் வீடு இல்லை. ஆஸ்பத்திரிக் காட்சி பிசகாமல் வர வேண்டும். எத்தனை நாள் இருந்தோம், கட்டு எப்படி மாற்றினார்கள், உனக்கு எது நினைவிருக்கிறதோ எழுது. சிரமமாக இருந்தால் வேண்டாம்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
தம்பி


ஜனவரி 27

அன்புத் தம்பிக்கு,

இங்கே மூவரும் சுகம். முழங்கால் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. ஈரத் தலையோடு வெளியே போகாதே என்று எத்தனை தடவை சொல்வது? அம்மா இருந்திருந்தால் அடித்தே சொல்லியிருப்பாள். நான் எழுதத்தான் முடிகிறது.

சிரமம் என்றால் வேண்டாம் என்று எழுதியிருந்தாய். சிரமம்தான். ஆனாலும் இந்த எட்டு வருடத்தில் என்னிடம் இதை யாரும் கேட்டதே இல்லை. கேட்டதும் எழுத வந்துவிட்டது.

பத்தொன்பது நாள் இருந்தோம். வாலுவுக்கு வலது கை, தோளிலிருந்து மணிக்கட்டு வரை. காலை ஒன்பது மணிக்குக் கட்டு மாற்றுவார்கள். ஒட்டியிருக்கும் துணியை நனைத்து நனைத்து எடுப்பார்கள். நர்ஸ் நல்லவள், பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுப்பாள். வாலு என் முகத்தைப் பார்க்க மாட்டாள். மூன்று வயதுப் பிள்ளை "மாமா, மாமா" என்றுதான் கத்தினாள். நீ வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாய், உள்ளே வர மாட்டாய். பதினாலு வயசுப் பையன், பயந்துட்டான் என்று நர்ஸிடம் சொல்வேன். வாலுவுடைய படுக்கை விரிப்பை நானே துவைப்பதைப் பார்த்துத்தான் சலவைப் பிரிவு மேற்பார்வையாளர் அம்மா, "வேலைக்கு வர்றியா?" என்று கேட்டார். இன்று அதே நாற்காலியில் நான் உட்கார்ந்து விரிப்பு எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு நடந்தது உனக்குத் தெரியாது, நீ அங்கே இல்லையே. உன்னை ரொட்டி வாங்கக் கடைக்கு அனுப்பினேன். மழை வருகிறாற்போல இருந்தது. துணி எடுக்க மாடிக்குப் போனேன். கெட்டிலில் தண்ணீர் அப்போதுதான் கொதித்து நின்றிருந்தது. மூன்று வயதுக் குழந்தையைத் தனியாக விட்டுவிட்டுப் போனேன் பார். இரண்டு நிமிடம்கூட இருக்காது. கெட்டிலைச் சுவரோரம் தள்ளி வைத்துவிட்டுத்தான் போனேன் என்று என் கை சொல்கிறது. இறங்கி வந்தபோது கண் பார்த்தது வேறு. கையை நம்புவதா, கண்ணை நம்புவதா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் நீ வாசலில் வந்து நின்றாய். கையில் ரொட்டி இல்லை. அலறல் கேட்டு எங்கேயாவது போட்டுவிட்டு ஓடி வந்திருப்பாய், பாவம்.

அத்தான் இதுவரை என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அன்றிலிருந்து வீட்டில் தண்ணீர் கொதிக்க வைப்பது அவர்தான். அவர் பழுது பார்க்கிற லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது, உள்ளே ஆள் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று அவசரமாகக் கூப்பிட்டாலும், கொதிக்க வைத்து ஃப்ளாஸ்கில் ஊற்றி மூடிவிட்டுத்தான் கிளம்புவார். திட்டியிருந்தால் தேவலை.

வாலுவிடம் தானாகக் கொட்டிவிட்டது என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். இதெல்லாம் உன் கண்ணுக்கு மட்டும். படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 20

அன்பு அக்காவுக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. படப்பிடிப்பு நான்கு நாள் என்று ஆரம்பித்து ஒன்பது நாள் இழுத்தது.

உன் கடிதம் பெரிய உதவி. ஆஸ்பத்திரிக் காட்சியைப் பார்த்த ஆசிரியர், "இதை எங்கிருந்து பிடிச்சே?" என்றார். கட்டை நனைத்து எடுப்பதை அப்படியே வைத்திருக்கிறேன்.

வயதுச் சான்றிதழ் வந்துவிட்டது. பன்னிரண்டுக்கு மேல். நான் ஏழு கேட்டிருந்தேன். கெட்டில் விழும் காட்சி பதினொரு வினாடி ஓடுகிறது, அது ஏழு வயதுப் பிள்ளைக்குத் தாங்காது என்றார்கள். நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தால் போஸ்டர் குதிக்கிறாள். "முட்டாள், இதைவிட விளம்பரம் வேற என்னடா வேணும்? உள்ள வராதேன்னு எழுதினாத்தான் எட்டிப் பாப்பாங்க." போஸ்டரில் பன்னிரண்டு என்ற எண்ணை வட்டத்துக்குள் பெரிதாகப் போட்டிருக்கிறாள். படத்தின் பெயர் அதற்குக் கீழே சின்னதாக இருக்கிறது.

டீசர் மட்டும் எல்லா வயதினரும் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது விதி. அதற்கும் அவள் வழி கண்டுபிடித்துவிட்டாள். திரையில் ஒன்றும் காட்டவில்லை. முப்பது வினாடி கறுப்பு. சத்தம் மட்டும். குழு பார்த்தது, காட்சி எதுவும் இல்லையே என்று விட்டுவிட்டது.

உன் முழங்காலுக்கு டாக்டரிடம் போனாயா?

தம்பி


மார்ச் 6

அன்புத் தம்பிக்கு,

நலம். டாக்டரிடம் போனேன். நிற்காதே என்கிறார். நிற்காமல் விரிப்பு மடிப்பது எப்படி என்று அவரே வந்து செய்து காட்டினால் தேவலை.

வாலு வகுப்பு முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டாள், எங்க மாமா டைரக்டர் என்று. டீச்சர்கூட என்னிடம் கேட்டார். டீசர் வந்தால் அனுப்பு என்று தினமும் நச்சரிக்கிறாள். அவளுக்குப் பன்னிரண்டு ஆக இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது, அதனால் படத்தை நான் முதலில் பார்த்துவிட்டு அப்புறம் அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும் என்று இருந்தேன். உன் கதையில் அந்த அம்மா கடைசியில் என்ன ஆகிறாள்?

அக்கா


மார்ச் 30

அன்பு அக்காவுக்கு,

நலம். வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, தப்பாக நினைக்காதே. எடிட்டிங் அறையில் ஜன்னல் கிடையாது. உள்ளே போனால் வெளியே வெயிலா மழையா என்றே தெரிவதில்லை.

திரையிடல் ஏப்ரல் 26. இருநூறு இருக்கை. பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது, எல்லாம் போஸ்டரின் கைவண்ணம். நீ அவ்வளவு தூரம் பயணம் பண்ணி வர வேண்டாம் என்று நினைக்கிறேன். முழங்கால் வேறு இப்படி. வாலுவுக்கும் வயது போதாது, வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். பிறகு நானே ஒரு பிரதி கொண்டுவந்து காட்டுகிறேன்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


ஏப்ரல் 8

தம்பிக்கு,

நாங்கள் நலம்.

டீசரை நீ அனுப்பவில்லை, ஆனால் வந்து சேர்ந்துவிட்டது. சலவைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் சாப்பாட்டு இடைவேளையில் போனை நீட்டினாள். "அக்கா, இதைக் கேளுங்க, உடம்பெல்லாம் நடுங்குது." கேட்டேன். கெட்டில் விழுகிற சத்தம். குழந்தையின் அலறல். அப்புறம் ஒரு பெண் குரல், "கையை நம்புவதா, கண்ணை நம்புவதா." கீழே எழுத்தில், 'உண்மைச் சம்பவம். பெற்ற தாயே பார்க்காமல் விட்ட ஒரு நிமிடம்.'

அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சினிமாதானேக்கா" என்றாள்.

வீட்டுக்கு வந்தால் வாலு மூன்று நாள் முன்பே பார்த்துவிட்டிருக்கிறாள். வகுப்பே பார்த்திருக்கிறது. அவளுடைய மாமா எடுத்த படம், அவள் கையில் தழும்பு, உண்மைச் சம்பவம். பிள்ளைகளுக்குக் கணக்குப் போடத் தெரியாதா? "உங்கம்மாதான் ஊத்தினாங்களாமே" என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். மூன்று நாளாக ஏன் இப்படி இருக்கிறாள் என்று எனக்குப் புரியாமல் இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் கேட்டாள், "நீதானாம்மா?"

நான் ஆமாம் என்றேன்.

வேறு என்ன சொல்வது? எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் எதைக் கேட்டாலும் 'ம்' மட்டும்தான்.

நீ அந்தக் கடிதத்தைக் கிழிக்கவில்லை.

அக்கா


ஏப்ரல் 10

மாமாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீ நல்லா இருக்கியா? இந்தக் கடிதம் அம்மாவுக்குத் தெரியாது. அப்பாகிட்ட ஸ்டாம்பு வாங்கினேன்.

உன் படத்துக்கு பன்னிரண்டு போட்டிருக்காங்க. எனக்கு பதினொன்று. என் கை பற்றின படத்தை ஊரில் எல்லாரும் பார்க்கலாம், நான் மட்டும் பார்க்கக் கூடாதா? இந்த விதி யார் போட்டது?

டீசரில் கத்துறது யாரு? அது நான் கத்தின மாதிரியே இல்லை. எப்படிக் கத்தினேன்னு எனக்கு ஞாபகம் இல்லை, ஆனாலும் அது நான் இல்லை.

இன்னொன்று கேட்கணும். அம்மா தெரியாம செஞ்சாங்களா, பார்க்காம விட்டுட்டாங்களா? உனக்குத் தெரிஞ்சதாலதானே படம் எடுத்தே. நீ சொன்னா நம்புவேன்.

இப்படிக்கு,
வாலு


ஏப்ரல் 13

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு இப்போது யோக்கியதை இல்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதி, ஒவ்வொரு தடவையும் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டேன்.

நான் அன்றைக்குக் கடைக்குப் போகவே இல்லை.

நீ "போடா, போடா" என்று சொல்லிவிட்டு மாடியேறினாய். "இதோ போறேன்" என்றேன். அத்தானுடைய புதுப் போன் ஃப்ரிட்ஜ் மேல் சார்ஜில் கிடந்தது. அதில் வீடியோ எப்படி வரும் என்று பார்க்க எடுத்தேன். வாலு ஒரு கிண்ணத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தாள். அவளும் அடுக்களையும் சேர்ந்து படத்துக்குள் வர வேண்டும் என்று எனக்கு ஆசை. வரவில்லை. பின்னால் போனேன். இன்னும் கொஞ்சம் பின்னால் போனேன். கெட்டில் வயர் என் காலில் மாட்டியது. நான் காலை உதறினேன்.

கெட்டில் சுவரோரம்தான் இருந்தது, அக்கா. உன் கை சொன்னது சரி.

அவள் கத்தியதும் நான் பின்கதவு வழியாக ஓடினேன். ஏன் ஓடினேன் என்று இந்த எட்டு வருடத்தில் எனக்கு நானே எத்தனையோ காரணம் சொல்லியாகிவிட்டது. ஒன்றும் நிற்கவில்லை. தெருவைச் சுற்றி வந்து முன்வாசலில் நின்றேன். பக்கத்து வீட்டுக்காரம்மா அவள் கையில் குழாய்த் தண்ணீரை விட்டுக்கொண்டிருந்தார். நீ என்னைப் பார்த்து, "நீயாவது இருந்திருந்தா" என்றாய். நான் இல்லை என்று நீயே முடிவு பண்ணிவிட்டாய். நான் தலையை மட்டும் ஆட்டினேன். பொய் என்று ஒரு வார்த்தைகூட என் வாயால் சொல்லவில்லை என்று அதையே கொஞ்ச நாள் ஆறுதலாக வைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் அத்தான் போனை எடுத்துக்கொண்டு கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அந்த வீடியோவைப் பார்த்தேன். பதினொரு வினாடி. அழித்தேன். நான் எடுத்த முதல் படம் அதுதான். நான் பெஞ்சை விட்டு உள்ளே வராமல் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் பயம் என்று நர்ஸிடம் சொன்னாய். வாலு "மாமா, மாமா" என்று கத்தியது பாசத்தால் என்று நீ நினைத்தாய். கெட்டில் விழுமுன் அவள் கடைசியாகப் பார்த்தது என்னைத்தான்.

'உங்களுக்கு உண்மையில் நடந்த ஒன்றை எழுதுங்கள்' என்று வகுப்பில் சொன்னபோது பேனா அங்கேதான் போனது. ஆனால் எழுதும்போது அந்த வீட்டில் தம்பி என்று ஒருத்தனே இல்லை. அம்மா, குழந்தை, கெட்டில். என்னை நான் வெட்டி எடுத்துவிட்டேன். மீதி இருந்தது நீ மட்டும். படத்தின் கடைசியில் அந்த அம்மா என்ன ஆகிறாள் என்று கேட்டாயே. எல்லோரும் அவளைப் பார்க்கிறார்கள், அவள் தலை குனிந்து நிற்கிறாள், அதோடு முடிகிறது. இதை உனக்கு எழுத முடியாமல்தான் வேலை தலைக்கு மேல் என்று எழுதினேன்.

போஸ்டர் ஒரு வரி வேண்டும் என்று கேட்டாள். உன் கடிதத்தை எடுத்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். "இதாண்டா வரி" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. இதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து மறைத்து அலுத்துவிட்டது. ஒரு நிமிடம் பெருமையாக இருந்தது.

வாலு எனக்கு எழுதியிருக்கிறாள், அவளைத் திட்டாதே. நான் சொன்னால் நம்புவாளாம்.

தம்பி


மே 2

அக்காவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. எதிர்பார்க்கும் உரிமையும் இல்லை. நடந்ததைத் தெரிவிக்கத்தான் எழுதுகிறேன்.

டீசரை எடுத்துவிட்டோம். எங்கள் பக்கத்திலிருந்துதான் எடுக்க முடிந்தது. யார் யாரோ தங்கள் போனில் வைத்திருப்பதை என்ன செய்வது என்று தெரியவில்லை. போன வாரம் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு பையன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

திரையிடலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது போஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தாமல் போஸ்டரை எடுத்து என் முன்னால் விரித்தாள். பிறகு, "உண்மைச் சம்பவம்னு நான்தானே கொட்டை எழுத்துல போட்டேன். ஒருத்தர்கிட்டயாவது கேட்டேனா?" என்றாள். அதைச் சுருட்டிக்கொண்டே, "இருநூறு பேரை நான் கூட்டி வச்சிருக்கேன். வேலை என்னோடது, பேர் என்னோடது, பொய் மட்டும் உன்னோடது. அதுக்கு நான் எதுக்கு ஃபெயில் ஆகணும்?" என்றாள்.

இரண்டு பேரும் குழுவிடம் போனோம். விளம்பர வகுப்பு ஆசிரியை படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி இருக்கிறது, 'இப்படத்தால் மனம் புண்படக்கூடியவர் எவரேனும் உண்டா?' என்று. நான் 'இல்லை' என்று எழுதியிருந்தேன். "வயசைப் பத்தி மூணு நாள் எங்ககூட வாதாடினே. இந்த ஒரு கேள்விக்கு எவ்வளவு நேரம் யோசிச்சே?" என்று கேட்டார். யோசிக்கவே இல்லை என்றேன்.

படம் திரும்பப் பெறப்பட்டது. நான் இந்த வருடத்தை மறுபடி படிக்க வேண்டும். போஸ்டருக்கு வேறு குழுவில் இடம் கொடுத்தார்கள், ஆனால் முதல் பரிசு வாங்க வேண்டியவள் இப்போது யாருடைய படத்துக்கோ துண்டுச் சீட்டு அடித்துக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்தால் தலையை மட்டும் அசைக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


மே 19

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை.

உன் ஏப்ரல் கடிதத்தை வேலையிடத்தில் வைத்துத்தான் படித்தேன். படித்து முடித்ததும் வண்டி வண்டியாக வந்த விரிப்பையெல்லாம் எண்ணினேன். எண்ணி முடித்து மறுபடி எண்ணினேன். மூன்று தடவையும் மூன்று கணக்கு வந்தது. மேலதிகாரி வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து அத்தானிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிட்டார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "எட்டு வருஷமா உன்னைத் தண்ணி கொதிக்க வைக்க விட்டதில்ல நான்" என்றார். மறுநாள் காலையில் ஃப்ளாஸ்கில் தண்ணீர் இல்லை. அடுக்களை வாசலில் வந்து நின்றுகொண்டு, உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. நான்தான் கெட்டிலை எடுத்து வைத்தேன். அவர் அழுதார். கல்யாணம் ஆகி அவர் அழுது நான் பார்த்ததில்லை.

உன்மேல் எனக்கு வருகிற கோபத்துக்கு வார்த்தை தேடினேன். உன்னைச் சின்ன வயதில் திட்டிய வார்த்தைகள்தான் எனக்குத் தெரியும், அவை இதற்குப் போதாது. தண்ணீர் கொட்டியதற்காக இல்லை. பதினாலு வயதில் ஓடினாய், அதுகூடப் புரிகிறது. வருடம் வருடமாக என் எதிரில் உட்கார்ந்து, என் கையால் சாப்பிட்டுக்கொண்டு, நான் தலை குனிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாயே, அது புரியவில்லை. அதை எடுத்து ஊருக்குப் போஸ்டர் ஒட்டியது சுத்தமாகப் புரியவில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும், இல்லையென்றால் நானும் உன்னைப் போல் ஆகிவிடுவேன். அன்றைக்குப் பின்கதவு திறந்து கிடந்ததை நான் பார்த்தேன். உன் கையில் ரொட்டி இல்லாததையும் பார்த்தேன். அத்தான் போன் ஃப்ரிட்ஜ் மேல் இல்லாமல் தரையில் கிடந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அம்மா உன்னை என் மடியில் போட்டுவிட்டுப் போனபோது உனக்கு ஐந்து வயது. ஒரு பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது இன்னொரு பிள்ளையையும் இழக்க எனக்குத் தெம்பில்லாமல் இருந்திருக்கும். கேட்காமல் விட்டது பாசத்தாலா, பயத்தாலா, எனக்கே தெரியவில்லை.

வாலுவிடம் நான் சொல்ல மாட்டேன். தெரியாமலே உனக்காக எட்டு வருடம் பொய் சொன்னேன், உண்மையையும் உனக்காக நான் சொல்ல முடியாது. அவள் கேட்டது உன்னை. நீ வந்து சொல்.

அக்கா


ஜூன் 3

அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். முழங்காலுக்கு நான் கொண்டுவந்த உறையைப் போட்டுக்கொள்கிறாயா?

ஞாயிற்றுக்கிழமை நீ அடுத்த அறையில் இருந்தாய், நான் சொன்னது முழுவதும் கேட்டிருக்கும். நான் நடுவில் நிறுத்தியபோது நீ உள்ளே வந்துவிடுவாயோ என்று பார்த்தேன். வரவில்லை. வராமல் இருந்ததுதான் சரி. வாலு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அழவில்லை, கத்தவில்லை. "அந்த வீடியோல என் கை எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள். சாதாரணமாக இருந்தது, எல்லாருடைய கையும் போல என்றேன். சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தாள் இல்லையா, வழி முழுக்க எனக்கு நான்கடி முன்னால் நடந்தாள். நிறுத்தத்தில் பெஞ்சில் நான் உட்கார்ந்தேன், அவள் உட்காரவில்லை. தூரத்தில் பஸ் தெரிந்ததும் பேசினாள்.

"மாமா, நான் அம்மாகிட்ட ரெண்டு மாசமா பேசல."

"தெரியும்."

"அம்மா என் தலையை வார வந்தாங்க, தட்டி விட்டேன். ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் ஆமா எங்கம்மாதான்னு சொன்னேன். இப்ப அம்மா இல்லைன்னு ஆயிடுச்சு. நான் என்ன பண்றது?"

அம்மாவிடம் போய்ச் சொல் என்றேன்.

"சொல்றது கஷ்டமா இருக்குமா?"

கஷ்டமாகத்தான் இருக்கும் என்றேன்.

"உனக்கு எட்டு வருஷம் ஆச்சு. எனக்கும் அவ்வளவு ஆகுமா?"

நான் பதில் சொல்வதற்குள் பஸ் வந்து நின்றுவிட்டது. கண்டக்டர் "ஏறுங்க, ஏறுங்க" என்றார். ஏறிவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். நான் செய்ததற்கெல்லாம் மேலே, இப்போது அந்தப் பிள்ளைக்கும் ஒரு குற்ற உணர்ச்சியைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அவள் உன்னிடம் தானாக வரவில்லை என்றால் நீயாவது கூப்பிட்டுப் பேசு. அவளாக வருவதற்கு நாளாகும்.

தம்பி


ஜூன் 11

அன்புத் தம்பிக்கு,

மூவரும் சுகம். உறை நன்றாகப் பிடிக்கிறது, அரைமணி நேரம் கூடுதலாக நிற்க முடிகிறது. நீ மெலிந்திருக்கிறாய். வந்தபோதே சொல்ல நினைத்தேன், அன்றைக்குச் சொல்கிற மனநிலை இல்லை.

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. நீ கவலைப்பட்ட விஷயம் நீ பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோதே முடிந்துவிட்டது. உன்னை ஏற்றிவிட்டு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே அடுக்களைக்கு வந்தாள். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் நின்று சொன்னாள். பேசாமல் இருந்தது தப்பு, ஸ்கூலில் சொன்னது தப்பு, சீப்பைத் தட்டிவிட்டது தப்பு. ஒவ்வொன்றாக. நான் சரி என்றேன். "சரின்னா?" என்றாள். "சரின்னா சரிதான், செருப்பைக் கழட்டிட்டு வா" என்றேன். கழற்றிவிட்டு வந்து என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டாள். கை முழுக்கச் சோப்பு, என்னால் திரும்பக்கூட முடியவில்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்த வரி மட்டும் வரவில்லை. வராததை எழுத இஷ்டமில்லை. அத்தான் இன்னும் உன் பெயரை எடுப்பதில்லை. ஆனாலும் அடுத்த மாதமும் வா. பேச ஒன்றும் இல்லையென்றால் சும்மா வந்து உட்கார்ந்துவிட்டுப் போ.

அவளுக்கு நாளாகும் என்று எழுதியிருந்தாய். பஸ் நிறுத்தத்திலிருந்து நம் வீடு ஏழு நிமிட நடை. அவளுக்கு அவ்வளவுதான் ஆனது.

அக்கா